மழையின் முதுகுப்பக்கம்: உடுமலைக்குத் தெற்கே ஒரு பாலை

கோவையிலிருந்து மூணாறுக்கு டூர் கிளம்பும் குடும்பங்கள் பலவும் உடுமலைப்பேட்டை வழியாகத்தான் போகும். இருட்டோடு கிளம்பி, பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இட்லி, காபி முடித்துத் தெற்கே திரும்பினால் எதிரே மலை. தென்னந்தோப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். அமராவதி அணைக்குப் பிரியும் சாலையைத் தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே விடுவார்கள். அங்கிருந்து காடு.

கோடை விடுமுறையில் போனால், காருக்குள் ஒரு ஏமாற்றக் குரல் கட்டாயம் கேட்கும்.

"ஏனுங்கப்பா, மலைன்னா பச்சைப்பசேல்னு இருக்கும்னு சொன்னீங்க? இது காஞ்சு போயில்ல கெடக்குது?"

"இது சும்மா காடு சாமி. இன்னொரு மணி நேரம் பொறுத்துக்கோ, டீ எஸ்டேட் வந்துரும்."

சும்மா காடு. முள், பாறை, கள்ளி, இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும் மரங்கள். கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யைக் கூட்டிவிட்டுக் கடந்து போகிற தூரம். திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்து கேரளத்தின் சின்னாறு வரை விரிந்து கிடக்கும் இந்த வறண்ட மலைப்பகுதியைப் பலரும் பத்துத் தடவை கடந்திருப்பார்கள். ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு உலகம்

வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும். ஜூன் பிறந்தால் அங்கே குடையை மடக்க முடியாது, துணி காயாது.

அங்கிருந்து ஒரு காக்கை நேராகக் கிழக்கே பறந்தால், முப்பது கிலோமீட்டருக்குள் சின்னாற்றுக்கு வந்துவிடும். இங்கே ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதுவும் ஏறக்குறைய 50 நாட்களில் பெய்து முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் வெயிலும் காற்றும்தான்.

நடுவில் நிற்பது ஆனைமலைத் தொடர். அதில்தான் 2,695 மீட்டர் உயரத்தில் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி இருக்கிறது. அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்தச் சுவரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது; குளிரக் குளிர, சுமந்து வந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துவிடுகிறது. சுமையை இறக்கிய காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது மறுபடி சூடாகிறது. இப்போது அது கொடுக்கும் காற்று இல்லை, வாங்கும் காற்று. மண்ணில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள். இமயமலைக்குப் பின்னால் லடாக் வறண்டு கிடப்பதும், ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே அர்ஜென்டினாவின் படகோனியா பாலையாக இருப்பதும் இதே கணக்குதான். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைப் பாலைவனம் என்பது வழக்கம். அந்தக் கணக்கில் சின்னாறு முழுப் பாலைவனம் இல்லை. ஆனால் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய, பாலைக்கு மிக நெருங்கிய மலை இதுதான்.

மழை சுத்தமாக இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. தீபாவளியை ஒட்டி வடகிழக்குப் பருவமழை வரும். சித்திரையில் குச்சியாக நின்ற அதே காடு, கார்த்திகையில் அடையாளம் தெரியாமல் பச்சை கட்டி நிற்கும்.

பாலை என்பது ஒரு பருவம்

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்குக்கும் இடம் காட்டிவிடலாம். பாலை எங்கே என்று கேட்டால்தான் குழப்பம். தமிழகத்தில் மணல் பாலைவனம் இல்லையே!

அதற்கு இலக்கியத்தில் ஒரு பதில் உண்டு. பாலைக்கென்று தனியாக ஓர் ஊர் வேண்டாம். மலையும் காடும் வெயிலில் தன் குணம் மாறி நிற்கும்போது அதுதான் பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை என்பது ஒரு நிலத்துக்கு வந்துபோகிற நிலைமை.

பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்விக்காகப் படித்து மறந்துபோன இந்தச் செய்தியை, ஒன்பதாறு செக்போஸ்ட்டுக்கும் மறையூருக்கும் நடுவே நேரில் பார்க்கலாம். மாசி, பங்குனியில் போனால் பாலை. ஐப்பசி, கார்த்திகையில் போனால் குறிஞ்சி. இடம் ஒன்றுதான்.

செத்ததுபோல் நிற்பவை

வெயில் காலத்தில் இந்தக் காட்டில் பட்டுப்போனதுபோல் தெரிவதில் பெரும்பகுதி, உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்பவை. தண்ணீர் குறைந்தால் முதலில் செலவைக் குறைக்க வேண்டும். இலை வழியாகத்தான் மரத்தின் நீர் ஆவியாகிறது என்பதால், இலையையே உதிர்த்துவிடுகின்றன பல மரங்கள்.

சதுரக்கள்ளி இன்னும் கெட்டிக்காரச் செடி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். அந்த வழியிலேயே நீரும் வெளியே போய்விடும். கள்ளி பகலில் கதவைச் சாத்திக்கொள்கிறது. வெயில் தாழ்ந்து இரவு வந்ததும் திறந்து, வேண்டிய காற்றை வாங்கிச் சேமித்துக்கொண்டு, மறுநாள் வெயிலில் அதை வைத்து உணவு சமைக்கிறது.

கிளுவை, வெள்வேலம் எல்லாம் கொங்கு நாட்டு விவசாயக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் இருப்பவை அவைதானே. கிளுவைப் போத்தை வெட்டி நட்டு உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, அதில் காங்கேயம் மாடுகளை மேயவிடுவது நம் ஊர் வழக்கம். மழை குறைந்த பூமியில் உழுது நஷ்டப்படுவதைவிட, அந்த பூமிக்குத் தெரிந்ததை வளரவிட்டுப் பிழைப்பது லாபம் என்று கண்டுகொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. கொறங்காடு பழகிய கண்ணுக்கு, உடுமலைக்குத் தெற்கே இருக்கிற மலைக்காடு அந்நியமாகத் தெரியாது. வேலி இல்லாத, மேடு பள்ளமான ஒரு பெரிய கொறங்காடு அது.

இந்த முள்ளுக்கும் பாறைக்கும் நடுவில்தான் நட்சத்திர ஆமை வாழ்கிறது. ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரியும் அழகே அதற்கு வினையாகிவிட்டது. வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர்களுக்காகவும், வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்பதற்காகவும் ஆயிரக்கணக்கில் கடத்தப்படும் பிராணி இது. 2019-இல் உலக அளவிலான வணிகத் தடைப் பட்டியலின் மிகக் கடுமையான பிரிவில் இதைச் சேர்த்தார்கள். கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட ஆமைகளைச் சின்னாற்றுக் காட்டில் விட்டிருக்கிறார்கள். சோலைக்காட்டில் விட்டால் அதற்கு ஆகாது. அதற்கு வேண்டியது காய்ந்த புதரும் கல்லும்தான். நாம் 'சும்மா காடு' என்று சொல்வது, அந்த ஆமைக்குச் சொந்த வீடு.

மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற பறவையும் அப்படித்தான். தீபகற்ப இந்தியாவின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பாறை அடுக்கிய வறண்ட மலைச்சரிவைத் தேடிப் போய் வாழ்கிறது.

பச்சை நாடா

வறண்ட மலையின் உச்சியில் இருந்து கீழே பார்த்தால், நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு பச்சை நாடா தெரியும். அதுதான் ஆறு. கரையின் இரண்டு பக்கமும் நீர்மருது, நாவல், மா, புங்கன் என்று பெருமரங்கள் கிளை கோத்து நிற்கும். சில எட்டு நடந்து மேலேறினால் மறுபடி கள்ளியும் முள்ளும்.

அந்தக் குறுகிய நாடாவுக்குள் வாழ்வது நரை அணில். சாதாரண அணிலைப் போலப் பல மடங்கு பெரியது. வாலும் உடலுமாக நீளமாகக் கிளையில் படுத்திருக்கும். இதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் உண்டு. இந்த அணில் முடிந்தவரை தரையில் இறங்காது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கிளை வழியாகவே போகும். ஆற்றங்கரை மரங்களை நடுவில் நாலு வெட்டினால், அதன் சாலையை வெட்டியதற்குச் சமம்.

ஆற்றிலும் அமராவதி அணையிலும் முதலைகள் உண்டு. அணைக்குப் பக்கத்தில் 1975-இல் தொடங்கிய முதலைப் பண்ணையைப் பார்க்காமல் உடுமலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்திருக்க மாட்டார்கள்.

சின்னாறு சரணாலயம் மொத்தமே 90 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரம் சுமார் 500 மீட்டர் உயரத்திலும், அதன் உச்சியான குமரிக்கல் 2,500 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. கீழே கள்ளிக்காடு, நடுவே இலையுதிர் காடு, ஆற்றோரம் பெருமரக்காடு, மேலே புல்வெளியும் சோலையும். ஒரே மலையில் நாலு மாடிக் குடித்தனம். கேரளம் 1984-இல் இதைச் சரணாலயம் ஆக்கியது. தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி, உடுமலை, கொழுமம், வந்தரவு சரகங்கள் இதை ஒட்டிக் கிடக்கின்றன. மாநில எல்லை மனிதர்களுக்குத்தான். யானைக்கு அது ஒரே காடு.

உள்ளே இருக்கும் ஊர்கள்

தளிஞ்சி, மஞ்சம்பட்டி, மூங்கில்பள்ளம், கருமுட்டி, கோடந்தூர், குழிப்பட்டி, மாவடப்பு, குருமலை. மூணாறு போகிறவர்கள் போர்டில்கூடப் பார்த்திராத இந்தப் பெயர்கள் எல்லாம் ஆட்கள் வாழும் குடியிருப்புகள். புலையர், முதுவர் போன்ற மலைவாழ் மக்களின் ஊர்கள்.

இந்த மலையில் தானாக வளரும் தைலப்புல்லை அறுத்து வந்து, பெரிய கொப்பரையில் நிரப்பி, கீழே தீ மூட்டி வடித்து எடுப்பது இந்தப் பகுதியில் பலருடைய தொழில். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து, தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். தைலம் மேலே மிதக்கும். வடித்து முடித்த புல் காய்ந்ததும் அடுத்த கொப்பரைக்கு அதுவே விறகு. வறண்ட மலையில் எதையும் வீணாக்க முடியாது என்பதை அந்த அடுப்பைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

ஆனால் வாழ்க்கை தைல வாசனையாக மட்டும் இல்லை. தளிஞ்சி, மஞ்சம்பட்டி மக்கள் வெளியே வர வேண்டுமானால் ஆற்றைத் தாண்ட வேண்டும். பாம்பாறும் சின்னாறும் சேரும் கூட்டாற்றில் முட்டளவு தண்ணீர் என்றால் நடந்துவிடலாம். மறையூர்ப் பக்கம் மேலே மழை கொட்டினால், இங்கே ஒரு சொட்டுகூட விழாமல் வெள்ளம் வந்துவிடும். ரேஷன் வாங்கப் போனவர் அக்கரையில், வீடு இக்கரையில். சாலை இல்லாத குடியிருப்புகளில் இருந்து பிரசவ வலியெடுத்த பெண்களையும் நோயாளிகளையும் மூங்கிலில் தொட்டில் கட்டித் தூக்கி வருவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. இன்னும் ஆகிக்கொண்டும் இருக்கிறது.

சாலை போட்டால் காடு கெடும் என்பது வனத்துறையின் கவலை. சாலை இல்லாவிட்டால் உயிர் போகும் என்பது மக்களின் கவலை. இரண்டுமே உண்மை. ஆனால் டூரிஸ்ட் கார்களுக்கு நடுக்காட்டில் வழவழப்பான சாலை இருக்கிறபோது, அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு ஆஸ்பத்திரி போக வழி இல்லை என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கரூர் வரை போகும் கணக்கு

மேலே பெய்து, இந்த வறண்ட மலை வழியாக ஓடி வரும் தண்ணீர்தான் அமராவதி. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் சேர்ந்து அணைக்கு வருகின்றன. சங்க காலத்தில் ஆன்பொருநை என்று பெயர். சேரர்களின் கரூர் இதன் கரையில்தான் இருந்தது. 1957-இல் கட்டி முடித்த 90 அடி உயர அமராவதி அணையில் சுமார் 4 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறக்குறைய 55 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கிறது. வழியெல்லாம் குடிதண்ணீரும் இதிலிருந்துதான். கடைசியில் கரூருக்கு அருகே காவிரியில் சேர்கிறது.

அதனால்தான் ஆடி மாதத்தில் உடுமலையில் காற்று மட்டும் சுழற்றியடிக்கும்போது, மடத்துக்குளத்து விவசாயி வானத்தைப் பார்க்காமல் "மறையூர்ல மழைங்களா?" என்று போன் போட்டு விசாரிக்கிறார். அவருடைய நெல்லுக்கான மழை அவருடைய வானத்தில் பெய்வதில்லை.

இந்தத் தண்ணீருக்குப் போட்டியும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகையில் பயன்படுத்துவதற்கு. அதைக் காட்டி, காந்தளூர் அருகே பட்டிசேரியில் கேரளம் அணை கட்டும் வேலையை 2014-இல் தொடங்கியபோது, தமிழ்நாடு எதிர்ப்புத் தெரிவித்தது. அமராவதிப் பாசன விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும், இந்த மலை சும்மா காடா இல்லையா என்று.

நாட்டில் தரிசு நிலங்களைக் கணக்கெடுத்து அரசு வெளியிடும் வரைபடத் தொகுப்பில் புதர்க்காட்டு நிலமும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பச்சையாக இல்லாத பூமியை வீண் என்று எழுதும் பழக்கம் காகிதத்திலும் இருக்கிறது. நம் பேச்சிலும் இருக்கிறது. வீண் என்று நினைத்த இடத்தில்தான் குப்பையை வீசத் தோன்றும். பிடித்து முடித்த சிகரெட்டை ஜன்னல் வழியே சுண்டத் தோன்றும். மாசி, பங்குனியில் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும் புல்லில் அந்த ஒரு பொறி போதும். தீ மேலேறாமல் இருக்க வனத்துறையினர் ஒவ்வோர் ஆண்டும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி வைக்கிறார்கள். ஓடிப்போய் அணைக்கிறவர்களும் அவர்களும் மலைவாழ் மக்களும்தான். ஆமை ஓட முடியாது.

யானைக்கு வழி விடுங்கள்

கோடையில் மலையில் ஓடைகள் வற்றியதும், யானைக் கூட்டங்கள் அமராவதி அணைக்குத் தண்ணீர் தேடி இறங்கும். அதற்கு இந்த மூணாறு சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதே நேரத்தில்தான் பள்ளிக்கு லீவு; அதே சாலையில்தான் நம் கார்களும்.

யானை தெரிந்ததும் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டிகள் நிற்கும். கதவு திறக்கும். ஒருவர் செல்போனோடு இறங்குவார். இன்னொருவர் ஹாரன் அடிப்பார். குட்டியோடு வரும் தாய் யானை மேலும் போக முடியாமல், திரும்பவும் முடியாமல் ஓரத்தில் நிற்கும். அது நின்று பார்ப்பது நம்மை வேடிக்கை பார்க்க இல்லை. நமக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரை.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். தாகத்தோடு வந்தவர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* செக்போஸ்ட்டுகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு, அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாலை இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடும்படி திட்டமிடுங்கள்.

* சின்னாற்றில் கேரள வனத்துறை நடத்தும் நடைப்பயணங்கள் உண்டு. தூவானம் அருவிக்கும் ஆற்றோரத்துக்கும் வழிகாட்டிகளாக வருபவர்கள் அங்கேயே வாழும் மலைவாழ் மக்கள். கட்டணம் கொடுத்து அவர்களோடு நடந்தால், நமக்கும் கண் திறக்கும், அவர்களுக்கும் வருமானம்.

* மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வெளிர் நிறக் காட்டெருமையைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக, அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

* குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

* மறையூரில் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வாங்கலாம். மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. பாறை மேல் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய முனியறைகளையும் பார்த்துவிட்டு வரலாம். இந்த வறண்ட பக்கத்தில் மனிதர்கள் எத்தனை காலமாக வாழ்கிறார்கள் என்பதற்கு அவை சாட்சி.

* முடிந்தால் இரண்டு தடவை போங்கள். பங்குனியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று. அதே வளைவில் வண்டியை நிறுத்தி, அதே மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அடுத்த தடவை பின் சீட்டில் இருந்து, "எப்பங்கப்பா மலை வரும்?" என்று குரல் கேட்டால், "இதான் சாமி மலை. கண்ணாடிய எறக்கிப் பாரு" என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு செய்தி இருக்கும்.